முதலில் காற்று, பிறகு ஏணி, கடைசியில்தான் தீவு

கேள்வி: கத்ர் போர்னில் வசிக்கிறோம். எனக்கு 68 வயது, மனைவிக்கு 65. இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. மொரீஷியஸைச் சுற்றியுள்ள சின்னத் தீவுகளை ஒரு வாரம் படகில் நிதானமாகப் பார்த்துவர ஆசை. மனைவிக்கு முழங்கால் தேய்மானம். படகு ஆடினால் குமட்டும். எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. எந்த மாதம் போகலாம்? எந்தத் தீவு, எப்படிப்பட்ட படகு?

பதில்: தாராளமாகப் போங்கள். உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். பலர் செய்யும் தவறு, படத்தில் பார்த்த தீவுக்கு ஒரு மாதம் முன்பே தேதி குறித்துவிட்டு, அன்று காற்று எப்படி இருந்தாலும் ஏறிவிடுவது. இளவட்டங்கள் அதைத் தாங்குவார்கள். உங்கள் வயதில் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: காற்றைப் பாருங்கள், படகின் ஏணியைப் பாருங்கள், அதற்குப் பிறகு தீவைத் தேர்ந்தெடுங்கள்.

நம் தீவுக்கு ஆண்டு முழுவதும் தென்கிழக்குக் காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அது வலுத்து வீசும். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் காலம். அதிலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றையும் விட்டுவிடுங்கள். மிஞ்சுவது இரண்டு இடைவெளிகள்: அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய. இவற்றில் முதலாவதே உங்களுக்கு நல்லது. அக்டோபர்தான் இங்கே மழை மிகக் குறைந்த மாதம்; குளிர்காலக் காற்றும் அடங்கத் தொடங்கியிருக்கும். புரட்டாசிக் கோவிந்தன் விரதமும் முடிந்திருக்கும் என்பதால் சாப்பாட்டுக் கவலை பாதி தீரும். சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய் முதல் வியாழன் வரை படகில் கூட்டம் குறைவு.

ஏழு நாளில் மூன்று நாள் மட்டும் கடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்கள் காற்றுக்கு வழிவிடவும் கால்களுக்கு ஓய்வு கொடுக்கவும். முன்பணம் கட்டும்போதே, காற்று பலமாக இருந்தால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாகோவாஸ் வானிலை நிலையத்தின் அறிக்கையில் காற்றின் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும், பவளத்திட்டுக்கு அப்பால் அலை இத்தனை மீட்டர் என்றும் இருக்கும். இந்த இரண்டு எண்களே உங்கள் வழிகாட்டி. காற்று 25 கிலோமீட்டருக்குள், அலை ஒன்றரை மீட்டருக்குள் என்றால் வடக்குத் தீவுகளுக்குப் போகலாம். 25 முதல் 35 வரை என்றால் பவளத்திட்டுக்கு உள்ளே, லகூனிலேயே இருங்கள். அதற்கு மேல் போனால் படகை மறந்துவிட்டு அந்த நாளைக் கரையில் கழியுங்கள். படகுக்காரர் வேகத்தை ‘நாட்’ (knot) என்ற கடல் அளவில் சொன்னால் ஏறக்குறைய இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். 15 நாட் என்பது 28 கிலோமீட்டர்.

வடக்குத் தீவுப் பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வாரத்தில் உண்மையான திறந்த கடல் இது ஒன்றுதான். கிராண்ட் பேயிலிருந்து காலை ஒன்பது மணி வாக்கில் கட்டமரான் என்னும் இரட்டை மிதவைப் படகு கிளம்பும். குவான் தெ மீர் பாறைத்தீவைக் கடந்து ஈல் பிளாட், காப்ரியேல் தீவுகளுக்குச் சேர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். போகும்போது படகு வடகிழக்காகப் போவதால் தென்கிழக்குக் காற்று வலப்பக்கமாகச் சற்றுப் பின்னாலிருந்து தள்ளும், ஆட்டம் குறைவு. திரும்பும்போது அதே காற்று இடப்பக்க முன்மூலையில் வந்து மோதும், பிற்பகலில் வேகமும் கூடியிருக்கும். இடப்பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நனைந்து நடுங்குவார்கள். காலையில் ஒன்றும் ஆகாதவர்களுக்குத் திரும்பும் வழியில் வாந்தி வருவது இதனால்தான். ஆகவே திரும்பும்போது வலப்பக்கம், பின்பகுதியில், நிழலில் இடம் பிடியுங்கள். முன்னால் கட்டியிருக்கும் வலையில் படுத்துக்கொண்டு போவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் கால் ஊன்றி எழுவது தேய்ந்த முழங்காலுக்கு ஆகாத வேலை.

இறங்குவது ஈல் பிளாட்டிலோ காப்ரியேலிலோதான். குவான் தெ மீரையும் ஈல் ரோந்தையும் கடலிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவை இயற்கைக் காப்பிடங்கள். காப்ரியேல் மணலில் கால் வைக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1856இல் கல்கத்தாவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் வந்த இரண்டு கப்பல் மக்களைக் காலராவுக்குப் பயந்து இறக்கிவிட்டது இந்தத் தீவில்தான். நிழலும் நல்ல தண்ணீரும் இல்லாமல் நூற்றுக்கணக்கானவர்கள் இங்கேயே மாண்டார்கள். அங்கே ஒரு நிமிடம் நின்று கைகூப்பிவிட்டு வருவது நம் கடமை.

இனி ஏணி. பதிவு செய்யும்போது விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள். கட்டமரானின் பின்பக்கம் இரண்டு மிதவைகளிலும் படிகள் உண்டு. கடைசிப் படியிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் ஏணியில் எத்தனை படிகள் தண்ணீருக்குக் கீழே இருக்கின்றன? குறைந்தது மூன்று படிகள் இருக்க வேண்டும். ஒன்றுதான் என்றால், தண்ணீரில் மிதந்தபடி முழங்காலை நெஞ்சு வரை மடக்கித்தான் ஏற முடியும். உங்கள் துணைவியாரால் அது ஆகாது. பக்கத்தில் பிடிக்கக் கம்பி உண்டா, படி தட்டையா உருளையா என்றும் கேளுங்கள். உருளைப் படி வெறும் பாதத்தை வெட்டும். புகைப்படம் அனுப்பச் சொன்னால் நல்ல படகுக்காரர் உடனே அனுப்புவார்.

கரைக்குப் போக ரப்பர் படகுக்கு மாறும்போதுதான் அதிகம் பேர் விழுகிறார்கள். காரணம் அவசரம். சின்னப் படகு அலையோடு ஏறி இறங்கும். மேலே வந்து ஒரு நொடி நிற்கும் அந்தக் கணத்தில் கால் வைக்க வேண்டும், அது இறங்கும்போது அல்ல. கையில் பை, செருப்பு, தொலைபேசி எதுவும் வேண்டாம். அவற்றை முதலில் கொடுத்துவிடுங்கள். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் எதையாவது பற்றியிருக்க வேண்டும். படகுப் பையன் நீட்டும் கையை விரலால் பிடிக்காதீர்கள். மணிக்கட்டுக்கு மணிக்கட்டு பிடித்தால் ஈரத்தில் நழுவாது. ரப்பர் விளிம்பில் முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே சுழற்றுங்கள். நின்றபடி தாண்ட வேண்டாம்.

தண்ணீரில் அரைமணி இருந்துவிட்டு ஏணியில் ஏறியதும் உங்களுக்குக் கண் இருட்டலாம். தண்ணீரின் அழுத்தம் காலிலுள்ள ரத்தத்தை மேலே தள்ளி வைத்திருக்கும். வெளியே வந்ததும் அது மறுபடி கீழே இறங்கிவிடும். அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு இது கூடுதலாகத் தெரியும். கடைசிப் படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

குமட்டலுக்கு டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பு போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் வயிறு அதை ஏற்காது. இது தூக்கம் தரும். கண் நீர் அழுத்தம் (கிளாகோமா) உள்ளவர்களும் ஆண்களில் சிறுநீர்ப்பை வாய்ச் சுரப்பி (புராஸ்டேட்) வீங்கியவர்களும் மருந்தாளரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஒரு வாரம் முன்பு வீட்டில் சும்மா இருக்கும் நாளில் ஒன்று போட்டுப் பாருங்கள். அன்று தள்ளாட்டம் வந்தால் படகில் அது ஆபத்து. வேறு மருந்து கேளுங்கள். படகில் உள்ளறைக்குள் போகாமல், தொலைபேசியைப் பார்க்காமல், தொடுவானத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும். மாத்திரைக்கு அது ஈடல்ல, துணைதான்.

உங்கள் சர்க்கரைக்கு முக்கியமான எச்சரிக்கை இது. வாந்திக்குப் பயந்து காலை உணவைத் தவிர்த்துவிட்டு, வழக்கமான கிளிக்லசைடு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. படகில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரை, ஒன்றுக்கு முன் வராது. நீந்தவும் செய்தால் பதினொரு மணிக்கே சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும்; சுற்றியிருப்பவர்கள் அதைக் கடல் மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். ரொட்டியோ இட்லியோ எண்ணெய் இல்லாமல் அளவாகச் சாப்பிட்டே ஆக வேண்டும். குளுக்கோஸ் அல்லது சர்க்கரைக் கட்டி சட்டைப் பையிலேயே இருக்கட்டும். இன்சுலின் உண்டென்றால் படகின் பனிப்பெட்டியில் நேராகப் போடாதீர்கள். உறைந்துவிட்டால் அது வீண். துணியில் சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள். சிறுநீர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக விட வேண்டாம். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கவே கூடாது.

இன்னொன்று பாதம். பல கட்டமரான்களில் ஏறும்போதே செருப்பைக் கூடையில் போடச் சொல்வார்கள். நண்பகல் வெயிலில் தளம் கொதிக்கும். சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சுட்டதே தெரியாது, மாலையில் கொப்புளம்தான் சொல்லும். கறை பதியாத வெள்ளை அடிப்பாக ரப்பர் காலணியை வாங்கி, அதைத் தளத்திலும் போட்டிருக்க அனுமதி கேளுங்கள். பவளத்தின் கீறலுக்கும் கடல் முள்ளெலிக்கும் கல்மீனுக்கும் அதுவே காப்பு. கல்மீன் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் பாதத்தை வைத்தபடி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சூட்டை முதலில் வேறொருவர் கையால் பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 114.

சாப்பாடு பெரும்பாலும் கோழியும் மீனும் சுடுவது. சைவம் என்று சொன்னால் சில படகில் அதே கம்பியில் காய்கறியைச் சுட்டுத் தருவார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் புளிச்சாதமோ டால் பூரியோ கட்டிக்கொண்டு போவதே மேல். தயிர்ச்சாதம் அந்த வெயிலுக்குத் தாங்காது. ரம் இலவசம் என்பார்கள். குமட்டல் மாத்திரையோடு அது சேரவே கூடாது.

மற்ற இரண்டு நாட்களும் எளிது. ஒரு நாள் தென்கிழக்கே: மாஹேபூர் பக்கத்துப் புவான்த் ஜெரோமிலிருந்து சில நிமிடப் படகில் ஈல் ஓ எக்ரெத். 26 ஹெக்டேர் பவளச் சுண்ணாம்புத் தீவு, சமதளப் பாதை, வழிகாட்டியோடு இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் நடை. 1990 வாக்கில் காட்டில் ஏறக்குறைய பத்து என்ற எண்ணிக்கைக்குச் சுருங்கிப்போன இளஞ்சிவப்புப் புறாவை இங்கே மரத்தில் பார்க்கலாம். அல்தாப்ரா ஆமைகள் பாதையிலேயே நடக்கும். முன்பதிவு வேண்டும். அன்று பிற்பகலில் புளூ பே கடல் பூங்காவில் கண்ணாடி அடிப்பாகப் படகு. முகம் நனையாமல் மூளைப் பவளத்தைப் பார்க்க இதைவிட வசதியான வழி இந்தத் தீவில் கிடையாது.

இன்னொரு நாள் மேற்கே, லா கோலெத்திலிருந்து ஈல் ஓ பெனித்தியே. காற்று மறைவான லகூன். ஆனால் லெ மோர்ன் மலை முனையைச் சுற்றிக் காற்று திருகி வீசும் என்பதால் காலையிலேயே போய்விட்டு இரண்டு மணிக்குள் கரை சேருங்கள். தமரேன் டால்ஃபின் பயணத்தையும், ஈல் ஓ செர்ஃபோடு கிராண்ட் ரிவியேர் அருவியையும் சேர்த்து விற்கும் வேகப்படகுப் பயணத்தையும் துணைவியாருக்கு வேண்டாம் என்றே சொல்வோம். வேகப்படகின் முன்பகுதி அலையில் எழும்பி விழும்போது அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். எலும்பு மெலிந்த பெண்களுக்கு இடுப்புக்கு மேலே முதுகெலும்புக் கட்டை நசுங்குவது இப்படித்தான். ஈல் ஓ செர்ஃப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ட்ரூ தோ டூஸிலிருந்து சாதாரணப் படகு கால்மணியில் கொண்டு விட்டுவிடும்.

எந்தப் படகிலும் ஏறும் முன் சுற்றுலா ஆணையத்தின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். மிதவைச் சட்டை உங்கள் அளவுக்கு உண்டா என்று போட்டே பாருங்கள். பெட்டிக்குள் இருக்கிறது என்ற பதில் போதாது. இருவருக்காக ஒரு முழுப் படகு செலவு அதிகம். உங்களைப் போன்ற இன்னும் இரண்டு மூன்று தம்பதிகளைச் சேர்த்து எடுத்தால் பாட்டுச் சத்தமும் வேகமும் உங்கள் சொல்படி இருக்கும்.

ரோட்ரிக்ஸை இந்த வாரத்தில் திணிக்காதீர்கள். அது தனிப் பயணம். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்; அங்கிருந்து ஈல் ஓ கோக்கோ பறவைத் தீவுக்கு லகூன் வழியாகப் படகு. அங்கே லகூன் நிலப்பரப்பைவிட இரண்டு மடங்கு பெரிது, ஆழமோ மிகக் குறைவு. அதனால் படகு கிளம்பும் நேரம் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பொறுத்தது. படகுக்காரர் சொல்லும் நேரமே நேரம்.

வடக்குத் தீவு நாளன்று மட்டும் கிராண்ட் பே பக்கத்திலேயே இரவு தங்குங்கள். மாத்திரை மயக்கமும், கரை ஏறிய பிறகும் தரை ஆடுவது போன்ற உணர்வும் சில மணி நேரம் இருக்கும். அந்த நிலையில் மாலை நெரிசலில் கத்ர் போர்ன் வரை காரோட்ட வேண்டாம்.