சாவியை விட்டதும் அணையும் இன்ஜின்

கேள்வி: என்னிடம் 1960களில் செய்யப்பட்ட பழைய டாட்ஜ் டிரக் ஒன்று இருக்கிறது, பெட்ரோல் இன்ஜின், 12 வோல்ட் பேட்டரி. வயர்களின் மேலுறை உதிரத் தொடங்கியதால், வயரிங் முழுவதையும் சாவி சுவிட்சையும் அண்மையில் புதிதாக மாற்றினோம். அதுவரை ஒழுங்காக ஓடிய வண்டி, அன்றிலிருந்து ஓடவில்லை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜினும் பிடிக்கிறது. ஆனால் சாவியிலிருந்து கையை எடுத்த நொடியே அணைந்துவிடுகிறது. பெட்ரோல் பம்ப்பை மாற்றி, கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவியாயிற்று. அடுத்ததாக டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இன்ஜின் பிடிக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக், பெட்ரோல் மூன்றின் மேலும் இப்போதைக்குச் சந்தேகப்பட வேண்டியதில்லை. கார்புரேட்டரில் கோளாறு இருந்தால், சாவியை விடும் அந்த நொடியைப் பார்த்து ஒவ்வொரு முறையும் தவறாமல் அணைய அதற்குத் தெரியாது. சாவி ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குப் போகும்போது மாறுவது மின்சாரம் செல்லும் வழி மட்டுமே. கோளாறும் அந்த வழியில்தான் இருக்கிறது.

அக்காலத்து வண்டிகளில், தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயிலுக்கு 6 முதல் 9 வோல்ட்டே போதுமானது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் அழுத்தம் 10 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், அந்தக் குறைந்த அழுத்தத்திலும் வலுவான தீப்பொறி கிடைக்கும்படி காயிலை அமைத்திருந்தார்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியபின் அழுத்தம் 14 வோல்ட்டுக்கு ஏறும்போது காயிலையும், அதற்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் காண்டாக்ட் பாயிண்ட்டையும் காப்பாற்ற, இடையில் பேலஸ்ட் ரெசிஸ்டர் என்ற மின்தடை ஒன்றை வைத்தார்கள். ஆகவே காயிலுக்கு இரண்டு வழிகள்: செல்ஃப் சுற்றும்போது ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக வருவது ஒன்று, சாவி ‘ஆன்’ நிலையில் ரெசிஸ்டர் வழியாக வருவது மற்றொன்று. உங்கள் வண்டியில் முதல் வழி சரியாக இருக்கிறது, இரண்டாவது வழி அறுந்திருக்கிறது. (நேர்மாறாக, செல்ஃப் சுற்றும்வரை பிடிக்காமல், சாவியை விடும் நொடியில் பிடிக்கப் பார்க்கும் வண்டிகளும் உண்டு, அவற்றில் அறுந்திருப்பது முதல் வழி.)

பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் டிரைவர் அறைக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரைப் பாருங்கள். விரல் நீளத்தில் வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்று அங்கே திருகப்பட்டிருக்கும். அதன் பின்புறக் குழியில் சுருள் கம்பி ஒன்று ஓடும், முனைகளில் வயர்கள் சொருகப்பட்டிருக்கும். அதுதான் ரெசிஸ்டர். வண்டி ஓடும்போது கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாவது அதன் இயல்பு, கோளாறு அன்று. பல ஆண்டுகள் சூடாகியும் ஆறியும் நொய்ந்துபோன கம்பி, வயர்களைப் பிடுங்கிச் சொருகும்போது முறிந்துவிடுவதுண்டு; வெளியே பார்த்தால் தெரியாது.

இனி மல்டிமீட்டரை எடுத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, சாவியை ‘ஆன்’ நிலையில் விட்டு, சிவப்பு முனையால் ரெசிஸ்டரின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒரு முனையில் 12 வோல்ட்டும் மறுமுனையில் சுழியும் காட்டினால் ரெசிஸ்டர் அறுந்துவிட்டது என்று பொருள். இரண்டிலும் சுழி என்றால், சுவிட்சிலிருந்தே மின்சாரம் வரவில்லை. புதிய சுவிட்சில் இக்னிஷன் வயரைத் தவறான முனையில் மாட்டியிருப்பார்கள், அல்லது இடையிலுள்ள இணைப்பு ஒன்று சரியாகச் சொருகப்படாமல் இருக்கும். இரண்டு முனைகளிலும் மின்சாரம் இருந்தால், அங்கிருந்து காயிலின் பாசிட்டிவ் முனை வரை செல்லும் வயரைத் தேடுங்கள். சாவியை நீண்ட நேரம் ‘ஆன்’ நிலையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் காயில் சூடேறிக் கெடும்.

உறுதி செய்துகொள்ள, கியரை நியூட்ரலில் வைத்துக் கை பிரேக்கையும் இழுத்துவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து காயிலின் பாசிட்டிவுக்குத் தற்காலிகமாக ஒரு வயரைப் பிடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் அணையாமல் ஓடினால் காரணம் உறுதி. அப்போது சாவியை மூடினாலும் இன்ஜின் நிற்காது. அந்த வயரைப் பிடுங்கித்தான் நிறுத்த வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வண்டி ஓடுகிறதே என்று அந்த வயரை அப்படியே விட்டுவிடும் வழக்கம் சில பணிமனைகளில் உண்டு. நான் அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். காயிலின் மின்தடை 1.5 ஓம், ரெசிஸ்டருக்கும் ஏறக்குறைய அவ்வளவே என்று வைத்துக்கொண்டால், 14 வோல்ட்டில் பாய வேண்டிய மின்னோட்டம் 5 ஆம்பியருக்கும் குறைவு. ரெசிஸ்டரை நீக்கினால் அது 9 ஆம்பியரைத் தாண்டும், பாயிண்ட்டின் முகம் விரைவில் கருகும். பழைய ஃபோர்டு, செவ்ரோலெட் டிரக்குகள் சிலவற்றில் பீங்கான் கட்டையே இருக்காது. வயரிங்கினுள் ஓடும் சிறப்பு மின்தடை வயர் ஒன்றே அந்த வேலையைச் செய்யும். அதை அறியாமல் சாதாரணச் செம்பு வயரைப் போட்டுவிட்டாலும் இதே தீங்குதான்.

கேள்வி: என் பழைய டிரக்கின் சேசிஸுக்குப் பெயின்ட் அடித்து, வயரிங்கையும் சரிசெய்து மாட்டியபின், சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஓசை மட்டும் வருகிறது, விளக்குகள் மங்குகின்றன. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றலாமா?

பதில்: அதற்கு முன் எர்த் வயரைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால், பட்டையான எர்த் வயர் இல்லாமல் சேசிஸுடன் அதற்கு நல்ல மின்தொடர்பு கிடையாது. நீங்கள் அடித்த பெயின்ட்டோ அந்த வயர் திருகப்படும் இடத்தையும் மூடியிருக்கிறது. உதவிக்கு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, அதே நேரத்தில் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜினின் வெற்று உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு. சோக் கேபிளைத் தொட்டுப் பார்ப்பதும் பயன்படும்: எர்த் கிடைக்காத செல்ஃப், தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை அந்த மெல்லிய கேபிள் வழியாக இழுக்கப் பார்க்கும், அது சுடத் தொடங்கும், ஆகவே மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்காதீர்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, போல்ட் அமரும் இடத்தைப் பளபளக்கும்வரை சுரண்டி, எர்த் வயரை இறுக்கி முடுக்கியபின், வெளிப்புறத்தில் மட்டும் கிரீஸ் தடவுங்கள்.