பனிக்காலத்துப் பள்ளிக்கூடம்

வாசகர் கேள்வி – பதில்
(சிம்லா மாவட்டத்து ஆப்பிள் விவசாயிகளுக்கு 26 ஆண்டுகள் பயிற்சி அளித்து ஓய்வுபெற்ற, தென்காசியைச் சேர்ந்த தாவர நோயியலாளர் பதில் சொல்கிறார்.)

கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். சென்ற ஏப்ரலில் சிம்லா மாவட்டத்துக் கோட்கர் போயிருந்தபோது, அறுபது வயதைத் தாண்டியவர்கள் நோட்டும் பேனாவுமாகப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மூன்று தலைமுறையாக ஆப்பிள் வளர்ப்பவர்களுக்கு இனி என்ன சொல்லித்தர இருக்கிறது?
– ஒரு வாசகர், கம்பம்

ஐயா, திராட்சைக்காரரான உங்களுக்கு இது சட்டென்று புரியும். அடிச்சாம்பல் நோய் ஈர இலையைப் பார்த்து வரும், தேதியைப் பார்த்து வராது. ஆப்பிளுக்கு வரும் சொறிநோயும் அப்படித்தான். அங்கே அதை ஸ்கேப் என்றே சொல்வார்கள்.

கோட்கரில் ரெட் டெலிஷியஸ் வகையைக் கொண்டுவந்து நட்டவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர். நூறாண்டுக்கு முந்தைய கதை. அந்த முதல் தலைமுறைக்கு ஸ்கேப் என்றால் என்னவென்றே தெரியாது. இமாச்சலத்தில் அது கொள்ளைநோயாகப் பரவியது 1983-ல். பேரனுக்குத் தோட்டம் வந்தது, மரம் வந்தது, கிளை வெட்டும் கவாத்துக் கத்தரிகூட வந்தது. இந்த நோயைப் பற்றிய அறிவு மட்டும் வரவில்லை, ஏனென்றால் தாத்தாவிடமே அது இல்லை.

ஸ்கேப்பை உண்டாக்கும் பூசணம் குளிர்காலம் முழுக்க உதிர்ந்த இலையில் பதுங்கியிருக்கும். வசந்தத்தில் மழை பட்டதும், விதை மாதிரி நோயைப் பரப்பும் நுண்ணிய வித்துகளை மேலே எறியும். அந்த வித்து இளம் இலைக்குள் நுழைய எவ்வளவு நேரம் ஈரம் வேண்டும் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் மில்ஸ் 1940-களில் ஓர் அட்டவணை போட்டார். 1989-ல் அதைத் திருத்தினார்கள். திருத்திய கணக்குப்படி 17 முதல் 24 டிகிரி வரை 6 மணி நேர ஈரம் போதும். 10 டிகிரியில் 11 மணி நேரம் ஆகும். 5 டிகிரியில் 21 மணி நேரம்.

வகுப்பில் நான் கொடுத்தது இந்த அட்டவணையும், ஆளுக்கு ஒரு வெப்பமானியும், ஒரு நோட்டும்தான். இலை எப்போது நனைந்தது, எப்போது காய்ந்தது என்று எழுதிவரச் சொல்வேன். தோட்டக்காரர்களை அங்கே பாக்வான் என்பார்கள். எழுபதை நெருங்கிய ஒரு பாக்வான் முதல் நாள் என்னிடம் வாதாடினார். மழை விட்டால் மறுநாள் மருந்து அடிப்பதுதான் அவர் வீட்டு வழக்கம். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். இரவு 10 மணிக்கு மழை, காலை 7 மணிக்கு இலை காய்ந்துவிட்டது, வெப்பம் 10 டிகிரி. ஒன்பதே மணி நேரம். “மேடம்ஜி, இந்த மழைக்கு அடிக்க வேண்டியதில்லை, இல்லையா?” என்றார். அந்த வருடம் அவர் அடிக்காமல் விட்ட அந்த ஒரு மருந்து, எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று உறைபனி. மொட்டின் நுனி வெள்ளி நிறமாகத் தெரியும் பருவத்தில் மரம் மைனஸ் 9 டிகிரியைக்கூட ஓரளவு தாங்கும். முழுதாகப் பூத்தபின் மைனஸ் 2.2 டிகிரியில் அரை மணி நேரம் நின்றாலே பத்தில் ஒரு பூ போய்விடும். மைனஸ் 3.9 என்றால் பத்தில் ஒன்பது. மறுநாள் இதழ்கள் அழகாகவே இருக்கும், அதுதான் ஏமாற்றும். பிளேடால் பூவைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நடுவில் சூலகம் கறுத்திருக்கும். நூறு பூவை அறுத்து எத்தனை கறுப்பு என்று எண்ணிய பிறகே பிஞ்சு கலைப்பதை, அதாவது அதிகப்படியான பிஞ்சுகளைக் கிள்ளி எடுப்பதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். அறுபது வயதுக்காரர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூவை அறுத்து எண்ணுவதைப் பார்க்க வேண்டும் நீங்கள்!

பனியும் முன்போல் இல்லை. ராயல் டெலிஷியஸ் மரத்துக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். தாழ்வான ஊர்களில் அது கிடைக்காமல் போகிறது. வகையை மாற்றுகிறவர்கள் விதைக்கன்றில் ஒட்டுக்கட்டிய பெரிய மரத்தை விட்டு மரத்தைக் குட்டையாக வைக்கும் எம்-9 போன்ற வேர்ச்செடியில் ஒட்டிய மரத்துக்குப் போகிறார்கள். அதற்குக் கம்பும் கம்பியும் சொட்டுநீரும் வேண்டும், கவாத்து முறையே வேறு. அப்பாவின் கை பழகிய வெட்டை அந்த மரத்தில் வெட்டினால் காய்ப்பே கெட்டுவிடும்.

தம்பி அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கிறான். பனி கொட்டும் அந்த நாட்டிலும் தோட்டக்காரர்கள் வகுப்புக்குப் போகிறார்களா?
– ஒரு வாசகி, திருச்சி

போகிறார்கள். கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளை வாங்கவும் அடிக்கவும் உரிமம் வேண்டும். மின்னசோட்டாவில் விவசாயிகள் அதை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், பயிற்சியோ தேர்வோ முடித்துத்தான். சட்டம் இல்லாவிட்டாலும் போகத் தேவை உண்டு. அந்த மாநிலப் பல்கலைக்கழகம் 1991-ல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் வகையைப் பறித்தவுடன் கடுங்குளிர் அறையில் வைத்தால் தோல் வெந்ததுபோல் பழுப்பாகிவிடும். ஒரு வாரம் 10 டிகிரியில் வைத்து, பிறகுதான் 3 டிகிரிக்கு இறக்குவார்கள். பழைய வகைகளை வைத்துப் பழகியவர் கைக்கு இது தானாக வராது.

என் மகள் சிம்லா மாவட்டத்து ரோஹ்ருவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். புகுந்த வீட்டில் ஆப்பிள் தோட்டம். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், ஆனால் பயிற்சிக்கு மாமனாரையும் மாப்பிள்ளையையும்தான் கூப்பிடுகிறார்கள். அவள் என்ன செய்யலாம்?
– ஒரு தாய், சென்னை

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் முதல் சில ஆண்டுகளில் நானும் அந்தத் தவறைச் செய்தவள்தான். அழைப்பு நிலத்துக்குரியவர் பெயருக்குப் போகும், ஆண்கள் வந்து உட்காருவார்கள். அந்த வீட்டுப் பெண்கள் தேநீரை வைத்துவிட்டு வாசலிலேயே நிற்பார்கள். உதிர்ந்த இலையைக் கூட்டுவதும், பிஞ்சு கலைப்பதும், பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டுவதும் அவர்கள்! நோயை முதலில் பார்க்கப்போகிற கண்ணும் அவர்களுடையதே. இதை உணர்ந்த பிறகு மாடு கன்றுக்குத் தீவனம் போட்டு முடிக்கும் பகல் 11 மணிக்கு, தோட்டத்திலேயே வகுப்பை வைத்தேன். மரத்தடியில் யாரும் வாசலில் நிற்க முடியாது.

ரோஹ்ருவிலேயே கிருஷி விக்யான் கேந்திரா இருக்கிறது. நாம் வேளாண் அறிவியல் நிலையம் என்கிறோமே, அதுதான். நாட்டின் முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. மகள் நேரில் போய்த் தன் பெயரில் பதிவு செய்யட்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

ஜனவரியில் தொடங்கச் சொல்லுங்கள். மரம் உறங்கும், இலை மறைக்காது. தடித்து, மேலே மென்மயிர் படர்ந்திருப்பது பூமொட்டு. ஒல்லியாக, கிளையோடு ஒட்டிக் கிடப்பது இலைமொட்டு. இந்த வித்தியாசம் கைக்கு வந்துவிட்டால் கவாத்தில் பாதி வந்த மாதிரி. முதலில் காய்ந்த கிளை, புண் பிடித்த கிளை, பிறகு உள்ளே நேராக நிமிர்ந்து வளர்ந்த போத்து, இந்த வரிசையில் எடுக்கட்டும். ஒரே ஒரு மரத்தைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இலையுதிர் காலத்தில் இலை விழத் தொடங்கும்போது 200 லிட்டர் பீப்பாய்க்கு 10 கிலோ யூரியா கரைத்து, அந்த மரத்துக்கும் கீழே கிடக்கும் இலைக்கும் தெளிக்கச் சொல்லுங்கள். இலை சீக்கிரம் மக்கிவிடும், ஸ்கேப் பூசணத்துக்குப் பதுங்க இடம் குறையும். ஏப்ரலில் இலை விரிந்ததும் தன் மரத்து இலையையும் பக்கத்து மரத்து இலையையும் அருகருகே வைத்துப் பார்த்து, என்ன கண்டாள் என்று எனக்கு எழுதட்டும். அவள் கடிதத்தை இதே பக்கத்தில் வெளியிடச் சொல்கிறேன்.