கண்ணு இருக்கற பக்கம் பாருங்க

அன்புள்ள அக்கா,
பையன் ஆறாவது படிக்கிறான். உருளைக்கிழங்கு எந்தப் பாகம்னு கேட்டதுக்கு 'வேர்'னு எழுதியிருக்கான், தப்பு போட்டுட்டாங்க. நானும் வேர்னுதான் சொல்லிக் குடுத்தேன், மண்ணுக்குள்ளதானே இருக்கு? எது வேர், எது தண்டு, எது இலைன்னு ஒரு டேபிளா போட்டுக் குடுத்தீங்கன்னா மனப்பாடம் பண்ணிடுவான். பச்சை நிறமா மாறின கிழங்கை சாப்பிடலாமா, தக்காளி காயா பழமாங்கறதையும் சொல்லுங்க.
கேத்தியில பிறந்து இப்ப திருப்பூர்ல இருக்கற ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போன வாரம் பூரா விதைக்கிழங்கு வெட்டிட்டு இருந்தோம், தண்ணி பாய்ச்சிப் பண்ற நீர்போகத்துக்கு. கை அதுபாட்டுக்கு வெட்டிட்டு இருக்க மனசு இதையேதான் நினைச்சுட்டு இருந்துச்சு, வந்து பாத்தா உங்க கடிதம்.

டேபிள் தரமாட்டேன். கேத்தியில பிறந்துட்டு டேபிள் கேக்கறீங்களே, கோவமா வருது. சல்லிவன்ங்கற வெள்ளைக்காரர் கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த 1820கள்ல இந்த நீலகிரி மலைக்கு வந்த பயிர், இருநூறு வருஷமா நம்ம சோறு, ஒருநாளாவது கையில வெச்சுத் திருப்பிப் பாத்தீங்களா? பையன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, மண்ணுக்குள்ள இருக்கு அதனால வேர்னு அவன் யோசிச்சாவது எழுதியிருக்கான். நீங்கதான் பாக்காமலே சொல்லிக் குடுத்திருக்கீங்க.

எனக்கு அப்ப ஒன்பது வயசு. அம்மா கத்தியைக் குடுத்து, துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் சீக்கிரம் விளையாடப் போகணும்னு சரசரன்னு அளவா அழகா வெட்டி வெச்சேன், பாதித் துண்டுல கண்ணே இல்ல. எல்லா இடத்துலயும் முளை வந்தப்புறம் எங்க நடவு வரிசை ரெண்டு மட்டும் சொட்டை சொட்டையா நின்னுச்சு. அம்மா திட்டல. செத்த ஒரு துண்டைத் தோண்டி எடுத்து கையில குடுத்து, "இதுல எங்க கண்ணு, காட்டு"ன்னாங்க. அன்னைக்குத்தான் முதல்முறையா பாத்தேன்.

அந்தக் கண்ணு சும்மா குழி இல்ல தம்பி, மொட்டு. கரும்புல கணுவுக்குக் கணு ஒரு பரு இருக்குமே, அதேதான் இதுவும். கண்ணு ஓரத்துல புருவம் மாதிரி ஒரு வளைவு இருக்கும், அது ஒரு குட்டி இலை இருந்த தழும்பு. இலை, இலைக்கக்கத்துல மொட்டு, இது தண்டுக்குத்தான் உண்டு. கண்ணுக்கு ஒரு குண்டூசி குத்தி, வரிசையா நூல் சுத்திப் பாருங்க, கிளையில இலை ஏறற மாதிரியே சுத்திச் சுத்தி ஏறும். செடி அடித்தண்டுலேருந்து மண்ணுக்குள்ள வெள்ளையா பக்கவாட்டுல ஒரு கிளை ஓடும், அதோட நுனி வீங்கினதுதான் கிழங்கு. அந்தக் கிளைங்க இருட்டுல ஓடணும்னுதான் செடி வளர வளர மண் அணைக்கிறோம்.

முளைக்கிறதெல்லாம் தண்டுன்னும் முடிவு பண்ணிடாதீங்க. சக்கரவள்ளி வேர்தான், அதுவும் முளைக்கும், ஆனா மொட்டுக்கு ஒரு வரிசை இருக்காது. வெயில் பட்டா பச்சையாகுதேன்னு தண்டுன்னும் சொல்லாதீங்க, மண்ணுக்கு மேல நீட்டிட்டு நிக்கற கேரட்டோட தோளும் பச்சையாகும். கிழங்குங்கற நம்ம வார்த்தையும் உதவாது, சேப்பங்கிழங்கு தண்டு, மரவள்ளிக்கிழங்கு வேர், ரெண்டையும் ஒரே பேர்லதான் கூப்பிடறோம். வெங்காயத்துல நீங்க உரிக்கிறது இலையோட அடி, தண்டு கீழ தட்டை வட்டமா இருக்கே, வெட்டி எறிவீங்களே, அது. கொடைக்கானல் மலைப்பூண்டுல ஒவ்வொரு பல்லும் ஒரு மொட்டு.

பச்சை நிறமா மாறின கிழங்கைத் தூக்கிப் போடுங்க. பச்சை நிறத்தால ஒண்ணும் ஆகாது, ஆனா அதோட கூடவே சோலனைன்னு ஒரு விஷம் ஏறும், வேகவெச்சாலும் போகாது. தக்காளி விஷயம் இன்னொரு நாள்.

பையனுக்கு ரெண்டு பழைய கிழங்கு குடுங்க, புதுசு வேண்டாம், அது மாசக்கணக்குல தூங்கும். ஒண்ணை முழுசா வைக்கட்டும், இன்னொண்ணை குறுக்கால பாதியா வெட்டி வைக்கட்டும். முழுசுல கண்ணு நெருக்கமா இருக்கற நுனிப் பக்கம்தான் முதல்ல முளைக்கும், அந்த நுனி மத்த கண்ணையெல்லாம் அடக்கி வெச்சிருக்கும். வெட்டினதுல கீழ்ப்பாதி என்ன பண்ணுதுன்னு அவனே பாத்து எனக்கு எழுதட்டும், நீங்க சொல்லித் தராதீங்க.

அன்புடன்,
அக்கா