காக்கிச் சட்டையில் எந்தப் பேட்ஜ் எங்கே? அமெரிக்கச் சாரணர் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் பிள்ளைகளைச் சாரணர் இயக்கத்தில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் கேட்டவற்றுள், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை மட்டும் இங்கே தேர்ந்தெடுத்திருக்கிறேன். பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்று அறியப்பட்ட அமைப்பு 2025 பிப்ரவரி முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்குகிறது. அதனால் பழைய பெயர் தைத்த சட்டை செல்லாததாகிவிடவில்லை. இடம், வலம் என்று நான் குறிப்பிடுவதெல்லாம் சட்டையை அணிந்திருப்பவருடைய இடமும் வலமுமே. எதிரில் நின்று பார்த்துத் தைப்பவர்களே பெரும்பாலும் கை மாற்றித் தைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: மகன் இந்த மாதம் ட்ரூப்பில் (சாரணர் குழுவில்) சேர்ந்தான். சட்டையோடு ஒரு பை நிறைய பேட்ஜ் கொடுத்திருக்கிறார்கள். எதை எங்கே தைப்பது? (டல்லாஸ்)

முதலில் இடக் கை. தோள் தையலை ஒட்டி, இடைவெளி இல்லாமல், உங்கள் பகுதிக் கவுன்சிலின் (வட்டாரச் சாரணர் அமைப்பின்) பேட்ஜ் வர வேண்டும். அதன் கீழ் விளிம்பைத் தொட்டபடி ட்ரூப் எண் வரும். எண்கள் தனித்தனித் துண்டுகளாக இருந்தால் மூன்றையும் ஒரே கோட்டில் வைத்து முதலில் பெருந்தையல் போட்டுவிட்டுப் பிறகு தையுங்கள். நடு எண் சற்றே சாய்ந்தாலும் பத்தடி தூரத்திலிருந்து தெரியும். பேட்ரோல் (ட்ரூப்புக்குள் இருக்கும் சிறு குழு) தலைவர், எழுத்தர் போன்ற பொறுப்பு எதையாவது பின்னாளில் ஏற்றால் அதற்கான பேட்ஜ் எண்ணுக்குக் கீழே வரும். கையில் பை வைத்த சட்டையாக இருந்தால் அந்தப் பையின் மேல் வரும். ஆகவே அந்த இடத்தை இப்போதே வேறெதற்கும் கொடுத்துவிடாதீர்கள்.

வலக் கையில் அமெரிக்கக் கொடி ஏற்கெனவே தைக்கப்பட்டிருக்கும். அதன் கீழே அவனுடைய பேட்ரோல் சின்னம் வரும்.

ஊதா நிறத்தில் வெள்ளைக் கயிறு சுற்றிய வட்டமான பேட்ஜ் உலகச் சாரணர் சின்னம். அது இடப் பைக்கு நேர் மேலே, தோள் தையலுக்கும் பையின் மேல் விளிம்புக்கும் சரிபாதியில் இருக்க வேண்டும். பலர் அதைப் பையை ஒட்டி இறக்கித் தைத்துவிடுகிறார்கள். பைக்கு மேலே இருக்கும் அந்த அகலமான வெற்றிடம் பின்னால் வரப்போகும் முடிச்சுச் சின்னங்களுக்கும் (விருதுகளுக்கான, கயிற்று முடிச்சு வடிவப் பேட்ஜ்கள்) சேவை நட்சத்திரங்களுக்கும் உரியது என்பது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. அதற்குள் சட்டையில் ஊசித் துளைகள் நிலைத்துவிடுகின்றன.

பைகள் இரண்டையும் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: இடப் பை அவன் எட்டியிருக்கும் படியைச் சொல்கிறது, வலப் பை அவன் போய்வந்த இடத்தைச் சொல்கிறது.

கேள்வி: டெண்டர்ஃபுட் முடித்து இப்போது செகண்ட் கிளாஸ் வாங்கியிருக்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைக்கலாமா? (எடிசன்)

கூடாது. ஸ்கவுட், டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப், ஈகிள் என்ற ஏழு படிகளில் தற்போதைய படி ஒன்று மட்டுமே இடப் பையின் நடுவில் இருக்கும். புதியது வந்ததும் பழையதைப் பிரித்தெடுத்துப் பத்திரப்படுத்துவதே முறை. சிறு பிள்ளைகளுக்கான கப் ஸ்கவுட் பருவத்தில் நீலச் சட்டையின் பையில் பேட்ஜ்களை ஒன்றையொன்று ஒட்டி வைரவடிவில் சேர்த்துக்கொண்டே போன பழக்கத்தால் இந்த ஐயம் எழுகிறது. காக்கிச் சட்டையில் அந்த வழக்கம் தொடர்வதில்லை. அந்தப் பருவத்துப் படிகளில் காக்கிச் சட்டைக்கு வருவது ஏரோ ஆஃப் லைட் மட்டுமே. அதை வாங்கியிருந்தால் இடப் பைக்குக் கீழே, பையின் நடுவுக்கு நேராகத் தைக்கலாம்.

கேள்வி: மூன்று கோடை முகாம்களின் பேட்ஜ்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறாள் மகள். (ஷார்லட்)

வலப் பையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். தைக்கலாம், அல்லது பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பைப் பொத்தானில் தொங்கவிடலாம். தொங்கவிட்டால் மாற்றுவது எளிது என்பதால் அதையே நான் பரிந்துரைப்பேன். மற்றவற்றை ஒரு பழைய கம்பளிப் போர்வையில் தைத்துக்கொள்வது இங்கே நெடுநாள் வழக்கம். முகாமில் தீயைச் சுற்றி உட்காரும்போது அதைப் போர்த்திக்கொள்வார்கள். 2019 பிப்ரவரி முதல் பெண்பிள்ளைகளும் இந்த ட்ரூப்களில் இருக்கிறார்கள்; பேட்ஜ் விதிகளில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

கேள்வி: மெரிட் பேட்ஜ்களை (தனித்தனித் திறன்களுக்கானவை) சாஷில், அதாவது குறுக்காக அணியும் தோள் பட்டையில், தைக்க ஏதேனும் வரிசை உண்டா? சாஷை இடுப்புப் பெல்ட்டில் மடித்துச் செருகிக்கொள்ளலாமா? (சான் ஹோசே)

வரிசைக்கு விதி இல்லை. வாங்கிய காலவரிசைப்படி தைப்பதே நல்லது. சாஷின் அகலத்தைப் பொறுத்து ஒரு வரிசையில் இரண்டோ மூன்றோ கொள்ளும். ஈகிள் படிக்குக் கட்டாயமான பேட்ஜ்களுக்கு வெள்ளி நிற விளிம்பும் மற்றவற்றுக்குப் பச்சை விளிம்பும் இருப்பதால், வெள்ளி விளிம்புள்ளவற்றையெல்லாம் மேலே திரட்ட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் ஈகிளுக்கு 21 பேட்ஜ்கள் வேண்டும்; அவை எந்த வரிசையில் வந்து சேரும் என்பதை முன்கூட்டியே யாராலும் கணிக்க முடியாது. வெள்ளி விளிம்புக்கென்று மேலே காலியாக விட்ட இடங்கள் மாதக்கணக்கில் காலியாகவே கிடக்கும்.

சாஷ் வலத் தோளிலிருந்து இட இடுப்புக்குக் குறுக்காக வர வேண்டும். பெல்ட்டில் செருகுவது முறையன்று. கோர்ட் ஆஃப் ஹானர் (பேட்ஜ்களும் படிகளும் வழங்கும் விழா) போன்ற விழாக்களுக்குத்தான் அது தேவை. வாராந்தரக் கூட்டத்துக்கு வீட்டிலேயே இருக்கட்டும். சாரணர்களுக்கான கௌரவச் சங்கமான ஆர்டர் ஆஃப் தி ஏரோவில் உறுப்பினராக இருந்தால், அதன் வெள்ளைச் சாஷையும் இதையும் ஒரே நேரத்தில் அணியக்கூடாது.

கேள்வி: தமிழ் பேசத் தெரிந்த பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் பட்டை கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? (அட்லான்டா)

உண்மைதான். இன்டர்பிரெட்டர் ஸ்ட்ரிப் எனப்படும் அந்தப் பட்டை, நம் பிள்ளைகளில் மிகப் பலர் தகுதி பெறக்கூடியதாக இருந்தும் கேட்டு வாங்குவோர் குறைவாகவே இருக்கும் சின்னம். பேசத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அம்மொழியில் ஐந்து நிமிடம் உரையாட வேண்டும். இரண்டு நிமிடப் பேச்சு ஒன்றை மொழிபெயர்க்க வேண்டும். ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுத்தில் உள்ள 200 சொற்களை மொழிபெயர்க்க வேண்டும். வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது கடிதத்தில்தான். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவர்களாக இருந்தால், ஊரிலுள்ள பாட்டிக்கோ தாத்தாவுக்கோ உண்மையாகவே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அதையே இதற்கும் காட்டலாம். பெரியவர்களும் இந்தப் பட்டையை அணியலாம் என்பதால் தந்தையும் மகளும் சேர்ந்தே முயலலாம்.

தைக்க வேண்டிய இடம்: வலப் பைக்கு மேலே அமைப்பின் பெயர்ப் பட்டை இருக்கும், அதற்கு நேர் மேலே இது வரும். சொந்தப் பெயர் பொறித்த தகடு குத்துவதாக இருந்தால் அது இதற்கும் மேலே.

கேள்வி: சிறிய பொன்னிற நட்சத்திரங்கள் எதைக் குறிக்கின்றன? (சிகாகோ)

இயக்கத்தில் இருந்த ஆண்டுகளைக் குறிக்கின்றன. நட்சத்திரத்தின் பின்னால் வைக்கும் வில்லை கப் ஸ்கவுட் ஆண்டுகளுக்கு மஞ்சளும் ஸ்கவுட் ஆண்டுகளுக்குப் பச்சையுமாக இருக்கும். இடப் பையின் மேல் தையலிலிருந்து 3/8 அங்குல உயரத்தில் குத்த வேண்டும். ஒரு நட்சத்திரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 3/4 அங்குலம். தர்மா, கர்மா என்ற இந்து சமய விருதுகளுள் ஒன்றைப் பெற்று, அதற்குரிய ஊதாப் பின்னணியிலான வெள்ளி முடிச்சைப் பைக்கு மேல் தைத்திருந்தால், நட்சத்திரங்கள் அந்த முடிச்சுக்கு மேலே ஏறிவிடும்.

கேள்வி: எனக்குத் தைக்கத் தெரியாது. ஒட்டும் தாள் அல்லது இஸ்திரிப் பெட்டி போதாதா? (டல்லாஸ்)

கவுன்சில் பேட்ஜும் ட்ரூப் எண்ணும் எளிதில் மாறாதவை. அவற்றை ஒட்டும் தாளால் ஒட்டினால் பெரிய குறையில்லை. படிப் பேட்ஜை ஒட்டாதீர்கள். அது ஓராண்டுக்குள்ளேயே இரண்டு, மூன்று முறை மாறக்கூடும். உரித்த இடத்தில் பசை தங்கி, அழுக்கை இழுத்து, மஞ்சளாகக் கறை படியும். சட்டையில் பாலியஸ்டர் கலந்திருப்பதால் இஸ்திரியை அதிகச் சூட்டில் அழுத்தினால் துணி பளபளத்துவிடும். ஸ்டேப்ளர் போட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு. இரண்டு துவைப்பில் அந்தக் கம்பி துணியைக் கிழித்துவிடும்.

தைப்பது நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கடினமன்று. புதுச் சட்டையை முதலில் ஒருமுறை துவைத்து உலர்த்துங்கள். துணி சுருங்குவதாக இருந்தால் அப்போதே சுருங்கிவிடும், பேட்ஜைச் சுற்றிச் சுருக்கம் விழாது. பிள்ளையைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, சாக்கட்டியால் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேசையில் விரித்து அளந்தால் தோள் தையல் எங்கே இறங்கும் என்பது பிடிபடாது. பையில் தைக்கும்போது உள்ளே ஓர் அட்டையைச் செருகிக்கொண்டால், பையின் வாயையே சேர்த்துத் தைத்துவிடும் விபத்து நேராது. பேட்ஜின் தடித்த விளிம்பு எந்த நிறமோ அந்த நிற நூலை எடுத்து, விளிம்பின் உட்புறம் ஊசியை ஏற்றிச் சிறு சிறு ஹெம்மிங் தையலாகப் போட்டால் நூல் வெளியே தெரியாது. சின்னப் பிள்ளையின் சட்டைக் கை குறுகலாக இருப்பதால் அதற்கு மெஷினைவிடக் கைத்தையலே ஏற்றது.

பதினொரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாக இருந்தால் ஊசியை அவனிடமே கொடுங்கள் என்பேன். சற்றுக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த பேட்ஜை நீங்கள் தைக்க வேண்டியிருக்காது.

கேள்வி: வலக் கைக் கொடியில் நட்சத்திரப் பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. ராணுவச் சீருடையில் முன்பக்கம் பார்த்ததாக நினைவு. மாற்ற வேண்டுமா? (எடிசன்)

வேண்டாம். ராணுவத்தினர் அணிவது திருப்பிப் போட்ட கொடி. சாரணர் சட்டையில் வழக்கமான கொடியே உண்டு. சட்டை வந்தபடியே இருக்கட்டும்.

கேள்வி: மகள் கேர்ள் ஸ்கவுட்ஸில் பிரவுனி நிலையிலிருந்து ஜூனியர் நிலைக்கு மாறுகிறாள். பழைய பேட்ஜ்களைப் புது வெஸ்ட்டுக்கு மாற்றித் தைக்க வேண்டுமா? (சான் ஹோசே)

கேர்ள் ஸ்கவுட்ஸ் தனி அமைப்பு. ஜூலியட் கோர்டன் லோ 1912இல் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவில் தொடங்கியது. மேலே சொன்ன விதிகள் எதுவும் அதற்குப் பொருந்தா. பிரவுனியின் பழுப்பு வெஸ்ட்டை அப்படியே மடித்து வைத்துவிட்டு, ஜூனியரின் பச்சை வெஸ்ட்டில் புதிதாகத் தொடங்கலாம். வலப் பக்க மேற்புறத்தில் கொடி, அதன் கீழே கவுன்சில் பட்டை, அதற்கும் கீழே ட்ரூப் எண். உறுப்பினர் பின்கள் இடப் பக்கத்துப் பட்டையில். போய்வந்த இடங்களின் வேடிக்கைப் பேட்ஜ்கள் எத்தனை இருந்தாலும் முதுகுப் பக்கம் தைத்துக்கொள்ளலாம்; இந்த வகையில் அவர்கள் தாராளமானவர்கள். கேடெட், சீனியர், அம்பாசிடர் ஆகிய மூன்று நிலைகளுக்கும் காக்கி வெஸ்ட் ஒன்றே என்பதால், கேடெட்டுக்கு வாங்கும்போது ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள்.

கேள்வி: கோர்ட் ஆஃப் ஹானரில் மகன் எனக்கு ஒரு சின்ன பின் குத்திவிடுவானாம். பட்டுப்புடவையில் எங்கே குத்திக்கொள்வது? (அட்லான்டா)

அது அம்மாவுக்கான பின். பிள்ளை ஒவ்வொரு படி ஏறும்போதும் அதே படியின் சிறு வடிவத்தைத் தாய்க்குக் குத்துவது மரபு. நீங்கள் சீருடையில் இல்லாததால் இடத்துக்கு விதி எதுவும் இல்லை. தோளில் முந்தானை மடிப்புகள் சேருமிடம் பொருத்தமானது. பல மடிப்புகள் சேர்ந்திருப்பதால் எடையைத் தாங்கும். சரிகையின் மீது குத்தினால் இழை அறுந்துவிடும், புடவையின் உடல் பகுதியில் குத்தினால் துளை தெரியும். மேடையில் பையனுக்குக் கை நடுங்கும் என்பதால் நான் சொல்லும் வழி வேறு: ஒரு விரற்கடை அகல ரிப்பனை முன்னதாகவே சேஃப்டி பின்னால் தோள் மடிப்பில் மாட்டிக்கொண்டு போங்கள். அவன் அந்த ரிப்பனில் குத்தட்டும். அடுத்த படிகளுக்கான பின்களையும் அதிலேயே ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், ரிப்பனைச் சற்று நீளமாகவே வெட்டிக்கொள்ளுங்கள்.