வாசகர் கேள்வி பதில்: கோட்டையில அண்ணாந்து பாத்து ஒரு நடை

கேள்வி: அக்கா, வாற மாசம் மகளின்ர விசா அலுவலாக் கொழும்புக்குப் போறம். அலுவல் காலமையே முடிஞ்சிடும், திரும்பி வாற பஸ் இரவுதான். கோட்டையில பழைய கட்டடங்களைக் காட்டிக்கொண்டு நடக்கிற கைட் ஆக்கள் இருக்கினமாம், அதுக்குப் போவம் எண்டு மகள் ஒற்றைக்கால்ல நிக்கிறாள். ரோட்டில நடக்கிறதுக்கும் காசு குடுக்கிறதோ? அங்க அப்பிடி என்ன இருக்கு?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: போங்கோ தங்கச்சி, கட்டாயம் போங்கோ. நான் போன வருசம் அப்பிடி ஒரு நடைக்குப் போனனான். அதுக்கு முதல் எத்தினையோ தரம் கோட்டையால போய் வந்த ஆள்தான் நான், ஆனா ஒரு கட்டடத்தையும் முழுசாப் பாத்ததில்லை. சண்டைக் காலத்தில ஐடென்டிகாட்டைக் கையில பிடிச்சுக்கொண்டு, தலையக் குனிஞ்சு, ஆரும் மறிக்கமுதல் ஸ்ரேசனுக்குப் போய்ச் சேர்ந்தாக் காணும் எண்டு நடந்த ஆக்கள் நாங்கள், அந்தப் பழக்கம் சண்டை முடிஞ்சும் கழுத்தை விட்டுப் போகேல்லை.

எங்களைக் கூட்டிக்கொண்டு போன தம்பி முதல் செய்தது என்னெண்டா, யோர்க் வீதியில கார்கில்ஸ் எண்ட பெரிய கடைக் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிப்பாட்டி, கீழ இருக்கிற கடையைப் பாக்காதேங்கோ, மேல பாருங்கோ எண்டார். அந்தச் சிவப்புக் கட்டடம் 1906ல திறந்தது, வரைஞ்சவர் எட்வர்ட் ஸ்கின்னர். அதுக்கு முதல் அந்த இடத்தில இருந்தது ஒல்லாந்தர் காலத்து வீடு, முதல் பிரிட்டிஷ் ஆளுநர் பிரெட்ரிக் நோர்த்தும் அதில இருந்தவர். எனக்குப் பிடிச்சது கீழ ஓடுற தூண் விறாந்தைதான். நடைபாதை முழுக்க வளைவுக்குக் கீழ போகுது, வெய்யிலும் படாது மழையும் படாது, எங்கட வீட்டு விறாந்தையை இழுத்துத் தெரு நீளத்துக்கு விட்ட மாதிரி. இப்ப கட்டுற கண்ணாடிக் கட்டடங்களில உந்த யோசனை இல்லை, அதால நடக்கிற சனம் வெந்து சாகுது.

இவ்வளவு பெரிய கடை ஏன் அங்க வந்ததெண்டதுக்குக் காரணம் துறைமுகம். சூயஸ் கால்வாய் 1869ல திறக்குது, கோட்டை மதிலையும் அந்தக் காலத்திலதான் இடிக்கத் தொடங்கினவை, பிறகு 1885ல கொழும்பு அலைதடுப்புச் சுவர் முடிய, காலித் துறைமுகத்துக்குப் போன கப்பலெல்லாம் இங்கால திரும்பீட்டுது. கப்பலால இறங்கிற ஆக்களுக்குப் படுக்க ஹொட்டலும் சாமான் வாங்கக் கடையும் வேணும்தானே. யோர்க் வீதியின்ர துறைமுகப் பக்க முனையில நிக்கிற கிராண்ட் ஓரியண்டல் ஹொட்டல் 1875ல திறந்தது, ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890ல வந்து தங்கினதும் அங்கதான். பக்கத்தில சென் பீற்றேர்ஸ் தேவாலயம், அது ஒருகாலம் ஒல்லாந்த ஆளுநரின்ர விருந்து மண்டபம்.

சதாம் வீதி முடியிற இடத்தில மணிக்கூட்டுக் கோபுரம் நிக்குது, மகளை அதில கொஞ்சம் கூட நேரம் நிக்க விடுங்கோ. 1857ல கட்டி முடிஞ்ச அந்தக் கோபுரத்தை வடிவமைச்சது ஆளுநர் ஹென்றி வோட்டின்ர மனுசி எமிலி. அந்தக் காலத்தில ஒரு பொம்பிளை வரைஞ்ச கோபுரம் இண்டைக்கும் நடுச்சந்தியில நிக்குது. 1867ல அதின்ர தலையில விளக்கு வைச்சு வெளிச்சவீடாக்கினவை, மணிக்கூடும் வெளிச்சவீடும் ஒரே உடம்பில. பிறகு சுத்திவரக் கட்டடங்கள் உயர உயர கடலில வாற கப்பலுக்கு வெளிச்சம் தெரியாமப் போய், 1952ல விளக்கை நிப்பாட்டிப் போட்டினம்.

கடைசியாப் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி, 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கப்பலில வருத்தம் வந்த மாலுமிகளை உடன கொண்டுவரத்தான் துறைமுகத்துக்குக் கிட்டக் கட்டினவை. சுவர் கிட்டத்தட்ட அரை மீற்றர் தடிப்பு, கையை வைச்சா மத்தியானத்திலயும் குளிருது. 2011ல இருந்து கடையும் சாப்பாட்டுக் கடையுமா இருக்கு, விலை கூட, ஆனா முற்றத்தில சும்மா இருக்கலாம்.

காசு விசயம், ஆளுக்கு எவ்வளவெண்டு முதலே கேளுங்கோ, தமிழில சொல்ல ஏலுமோ எண்டும் கேளுங்கோ, இல்லாட்டி இங்கிலீசில சொல்லுறதை மகள் உங்களுக்குச் சொல்லட்டும், அதுவும் நல்லம்தானே. தண்ணிப் போத்தல் மறக்காதேங்கோ.

கேள்வி: நான் மாசம் ஒருக்காக் கடைக்குச் சாமான் எடுக்கப் புறக்கோட்டைக்குப் போறனான். கோட்டை மட்டும்தானோ அழகு, எங்கட புறக்கோட்டையில ஒண்டும் இல்லையோ?
– வாசகர், வவுனியா

பதில்: இருக்குத் தம்பி, நீங்கள் மூட்டையோட ஓடுறதால தெரியேல்லை. 2ஆம் குறுக்குத் தெருவில சிவப்பு வெள்ளை வரி போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் நிக்குது, 1909ல முடிஞ்சது, வரைஞ்சவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. அதைக் கிட்ட நிண்டு பாக்காதேங்கோ, கொஞ்சம் தள்ளிப் போனாத்தான் குவிமாடம் எல்லாம் தெரியும். பிறின்ஸ் வீதியில ஒல்லாந்தர் மியூசியம், 1690களில ஆளுநரா இருந்த தோமஸ் வான் றீயின்ர வீடு. மெயின் ஸ்ரீற் தொடங்கிற இடத்தில இருக்கிற கான் மணிக்கூட்டுக் கோபுரம் பம்பாயில இருந்து வந்த பார்சிக் குடும்பம் 1923ல கட்டிக் குடுத்தது. ஞாயிற்றுக்கிழமை கனகடை பூட்டு, அண்டைக்குப் போனா மேல்மாடியளை வடிவாப் பாக்கலாம். போட்டோ எடுக்கலாம், ஆனா ஜனாதிபதி மாளிகைப் பக்கமும் துறைமுகப் பக்கமும் பொலிசட்டக் கேட்டிட்டு எடுங்கோ.

கேள்வி: பிள்ளையளுக்கு உதுமாதிரி ஒரு நடை வைக்க ஆசை. ஆனா வன்னியில பழைய கட்டடமெண்டு சொல்ல என்ன மிச்சம்?
– ஒரு ரீச்சர், ஒட்டுசுட்டான்

பதில்: ரீச்சர், உங்கட கேள்வியை வாசிச்சிட்டு ரெண்டு நாள் மனசு சரியில்லை. மாடி வீடு தேடாதேங்கோ. கற்சிலைமடுவில, வெள்ளைக்காரரோட மோதின வன்னி மன்னன் பண்டாரவன்னியன்ர நினைவுக் கல் உங்களுக்குக் கிட்ட, இரணைமடுக் குளக்கட்டும் இருக்கு, 1920ல முடிஞ்ச வேலை. அதோட ஊருக்குள்ள பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய்ப் சண்டையில இடிஞ்சு பத்தைக்குள்ள கிடக்கிற வீட்டு அத்திவாரங்களைப் பாக்கவையுங்கோ, எது அடுப்படி, எது விறாந்தை, வாசல் எந்தத் திசை எண்டு அவையே அளந்து கீறட்டும். ஆற்ற வீடெண்டு கேக்க வயசுபோன ஒராளையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவர்தான் உங்கட கைட். எங்கட வளவில வீடு இல்லை, ஆனா கிணத்துக் கட்டு இருக்கு. சீமெந்து காயமுதல் அப்பு ஆணியால கீறின வருசம் அதில இன்னும் வாசிக்கலாம், 1964.