ஆப்டிமைஸ் பண்ணா வேகமாகும்னு யார் நிரூபிச்சாங்க?

கேள்வி: கம்பைலர் (நாம எழுதுன கோட மெஷின் ஓட்டற கோடா மாத்தற புரோகிராம்) பண்ற ஆப்டிமைசேஷன், அதாவது கோட மேம்படுத்த செய்யற மாற்றம், எல்லாம் சரின்னு கணித நிரூபணமே இருக்காமே? அப்போ புரோகிராம் வேகமா ஓடும், மெமரி கம்மியா எடுக்கும்னும் நிரூபிச்சாச்சுன்னு எடுத்துக்கலாமா?

பதில்: எடுத்துக்காதீங்க, அது வேற இது வேற. பிரான்ஸ்ல ஸேவியர் லெராய் குழு உருவாக்குன காம்ப்செர்ட்ங்கற, சி மொழிக்கான கம்பைலர்ல நிரூபிச்சிருக்கறது என்னன்னா, கம்பைல் ஆகி வர்ற கோடு நீங்க எழுதுன கோடு செய்யறதத்தான் செய்யும்ங்கறது. அதுவே பெரிய சாதனை. சிஸ்மித்ங்கற டூல வச்சு இஷ்டத்துக்கு புரோகிராம் உருவாக்கி கம்பைலர்களச் சோதிச்சாங்க, 2011ல வந்த ஆய்வு, மொத்தமா 300க்கு மேல பக் சிக்குச்சு, ஆனா காம்ப்செர்ட்ல நிரூபிச்ச பகுதியில தப்பான கோடு ஒண்ணு கூட சிக்கல. ஆனா வேகத்தப் பத்தி அந்தத் தேற்றம் எதுவும் சொல்லல, ஒரு ஆப்டிமைசேஷன் கோட மெதுவாக்குனாலும் அந்த நிரூபணம் அப்படியே செல்லும்!

ஹாஸ்கெல்ங்கற புரோகிராமிங் மொழியில ஒரு உதாரணம் பாருங்க. 1லேர்ந்து ஒரு கோடி வரைக்கும் உள்ள லிஸ்ட்டோட கூட்டுத்தொகைய அதே லிஸ்ட்டோட நீளத்தால வகுக்கறோம், லிஸ்ட்ட ரெண்டு தடவ எழுதிட்டோம். கம்பைலர் "ரெண்டும் ஒண்ணுதானே, ஒரு தடவ உருவாக்கி பகிர்ந்துக்கலாம்"னு மாத்துது. லிஸ்ட் உருவாக்கற வேலை பாதி மிச்சம்தான். ஆனா முன்னாடி ஒவ்வொரு உறுப்பும் உருவான உடனே கூட்டிட்டு தூக்கிப் போட்டுடலாம், இப்போ நீளம் எண்ணறதுக்கு அதே லிஸ்ட் தேவைங்கறதால ஒரு கோடி உறுப்பும் மெமரியிலயே உக்காந்திருக்கும். விடை மாறல, மெமரி வீங்கிடுச்சு.

அதனாலதான் இம்ப்ரூவ்மென்ட் தியரின்னு தனியா ஒண்ணு வளர்ந்துச்சு. மோரன், சாண்ட்ஸ் ரெண்டு பேரும் 1999ல ஹாஸ்கெல் மாதிரி லேஸி மொழிகளுக்கு, அதாவது ஒரு மதிப்பு தேவப்படும்போதுதான் அதக் கணக்கிடற மொழிகளுக்கு, இதக் கொண்டு வந்தாங்க. பழைய கோட எந்த புரோகிராமுக்குள்ள வச்சாலும் அது எத்தன ஸ்டெப்ல முடியுதோ, புது கோட வச்சாலும் அதுக்கு மேல போகக்கூடாது, அப்போதான் அது முன்னேற்றம். இந்த "எந்த புரோகிராமுக்குள்ள வச்சாலும்"ங்கறதுதான் உயிரே, நாலு பெஞ்ச்மார்க் (வேகம் அளக்கற சோதனை புரோகிராம்) ஓட்டிப் பாத்து இத சொல்லவே முடியாது. மெமரிக்கும் இதே மாதிரி பின்னாடி செஞ்சாங்க, அது இன்னும் கஷ்டம், ஏன்னா மெமரியில இருக்கறதுல எது எப்போ தேவையில்லாத குப்பையாகுதுங்கறதையும் சேத்துப் பாக்கணும். சி பக்கம், காம்ப்செர்ட்ட விரிவாக்கி ஸ்டாக் (ஃபங்ஷன் கூப்பிடறப்போ பயன்படற மெமரி) எவ்வளவு தேவப்படும்னு மேல்வரம்பு நிரூபிச்ச வேலை 2014ல வந்துச்சு.

ஒண்ணு கவனிங்க, இதுல எண்ணறது ஸ்டெப், நொடி இல்ல. ஃபங்ஷன இன்லைன் பண்ணா, அதாவது கூப்பிடற இடத்துலயே அதோட கோட எழுதிட்டா, ஸ்டெப் குறையும், ஆனா கோடு பெருத்து இன்ஸ்ட்ரக்ஷன் கேஷுக்குள்ள (ப்ராசஸர் கோட வேகமா எடுக்க வச்சிருக்கற சின்ன மெமரி) அடங்காமப் போனா நிஜ மெஷின்ல மெதுவாவே ஓடலாம். அதனால யாராவது "நிரூபிச்ச ஆப்டிமைசேஷன்"னு சொன்னா நிரூபிச்சது விடையவா, ஸ்டெப்பையா, மெமரியையான்னு கேளுங்க.