வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் இழப்பீட்டுப் பணம் யாருக்கு?

வங்கிக் கடனில் கட்டிய எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து சுவர், வயரிங், ஃபிரிட்ஜ் எல்லாம் வீணாகிவிட்டன. கிளெய்மை ஏற்ற இன்சூரன்ஸ் நிறுவனம், பணத்தை வங்கிக்குத்தான் அனுப்புவோம் என்கிறது. பிரீமியம் கட்டியது நான்தானே? – வாசகி, முடிச்சூர்

பாலிசியோடு இணைத்திருக்கும் தாள்களைப் புரட்டுங்கள். ‘அக்ரீட் பேங்க் கிளாஸ்’ (Agreed Bank Clause – இழப்பீட்டை வங்கியிடம் கொடுக்கச் சொல்லும் ஷரத்து) இருந்தால் நிறுவனம் சொல்வது சரிதான். பணம் வங்கிக்குப் போகும். வங்கி ரசீது கொடுத்ததும் நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்தது. ஆனால், அதே ஷரத்தில் உங்களுக்குச் சாதகமாகவும் ஒரு வரி உண்டு: அந்தப் பணத்தில் உங்களுக்குச் சேர வேண்டிய பங்கை, உங்கள் ஏஜென்டாகவே வங்கி வாங்கிக்கொள்கிறது.

பணம் வந்து சேரும் முன்பே கடன் கொடுத்த கிளைக்குக் கடிதம் கொடுங்கள். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். கிளெய்ம் எண், சேதத்தைப் பார்வையிட்ட இன்சூரன்ஸ் சர்வேயர் மதிப்பிட்ட தொகை, பூச்சு, வயரிங், கதவு என்று இனவாரியாகப் பிரித்த கான்ட்ராக்டர் எஸ்டிமேட், சேதப் படங்கள் ஆகியவற்றை இணைத்து, ‘தொகையைப் பழுதுபார்க்க விடுவிக்கவும்’ என்று கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கேட்காமல் விட்டால் தொகை நேரே கடன் அசலில் வரவாகிவிடலாம். பழுதுபார்க்கும் செலவு உங்கள் தலையில் விழும். அப்படி வரவு வைத்துவிட்டால், ஈ.எம்.ஐ.யையோ தவணைக் காலத்தையோ குறைத்துப் புதிய அட்டவணை தரச் சொல்லுங்கள். இதற்கிடையில் ஒரு ஈ.எம்.ஐ.யைக்கூட நிறுத்தாதீர்கள். பாக்கி விழுந்த கணக்குக்குப் பணத்தை விடுவிக்க எந்த மேனேஜரும் தயங்குவார்.

ஃபிரிட்ஜ் கணக்கு வேறு. உங்களுடையது 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ பாலிசி என்றால், கட்டடக் காப்புத் தொகையில் 20 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருட்களுக்கும் காப்பு தானாகவே உண்டு. வங்கியிடம் அடமானத்தில் இருப்பது வீடுதான், பொருட்கள் அல்ல. வங்கி ஷரத்து கட்டடத்துக்கு மட்டும் என்றால், பொருட்களுக்கான தொகையைத் தனியாகப் பிரித்து உங்கள் கணக்குக்கே அனுப்பும்படி நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

இழுத்தடித்தால், முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையா? தாமதம் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள்; 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுப் புகார்களை அவர் விசாரிப்பார். வங்கியிடம் என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன். மாற்றிப் போட்டால் மாதங்கள் வீணாகும்.

கடன் வாங்கும்போதே வங்கி ‘லோன் இன்சூரன்ஸ்’ போட்டுவிட்டது. வீட்டுக்குத் தனி பாலிசி வேண்டுமா? – வாசகர், கடலூர்

அநேகமாக அது உங்கள் உயிருக்கான காப்பு. கடன்தாரர் இறந்தால் பாக்கியை அடைக்கும்; புயலில் கூரை போனால் ஒரு ரூபாய் தராது. கடன் தொகைக்கு அல்ல, கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத் தனி பாலிசி எடுங்கள். மனையின் விலையைச் சேர்க்க வேண்டாம்.

கடன் முடிந்துவிட்டது. பாலிசியில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கிறதே? – வாசகர், நாகர்கோவில்

உடனே நீக்குங்கள். வங்கி தந்த என்.ஓ.சி.யை (கடன் பாக்கி இல்லை என்ற தடையின்மைச் சான்று) இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கொடுத்து, என்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தக் குறிப்பு) கேட்டால் போதும். இல்லாவிட்டால், நாளை கிளெய்ம் வரும்போது பணம் மூடிய கடன் கணக்குக்குப் போய்ச் சிக்கிக்கொள்ளும்.